விதைக்கு விட்ட காய்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் மொட்டை மாடிகளில் ஒரே வேலைதான். கோடையில் வாடி வதங்கிய செடிகளை வேரோடு பிடுங்கி, பைகளைக் கவிழ்த்து, மண்ணைக் கொட்டிக் காயப்போட்டு, அடுத்த பட்டத்துக்கு மாடியைத் தயார் செய்கிறார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்குச் சொன்ன பழமொழி. மாடியில் 20 பை வைத்திருக்கிறவரும் இன்று அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாற்றுப் பண்ணைகளில் கூட்டம் சேர்கிறது, விதைப் பொட்டலங்கள் விற்றுத் தீர்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பிடுங்கிக் குவித்த செடிகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் எல்லாமே பட்டுப்போனவையாக இருக்காது. கத்திரி வெயிலிலும் விடாமல் பூத்த ஒரு வெண்டை, இலை சிறுத்தாலும் பூச்சிக்குப் பணியாத ஒரு கத்தரி, பறிக்க மறந்து முற்றிப்போன நாலு கொத்தவரங்காய் அதில் கிடக்கும். வீட்டுத் தோட்டம் ஓர் ஆண்டு முழுக்கத் தரும் பொருள்களில் மிகவும் மதிப்புள்ளது அந்தச் செடிகளின் விதை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, வேறு ஊரில், வேறு தட்பவெப்பத்தில் விளைந்த விதையைக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும்.

கோடை முடிவது எல்லா ஊருக்கும் ஒரே நாளில் இல்லை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடிந்துவிடும் என்பது நாட்காட்டிக் கணக்கு. சென்னை வெயில் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அந்த நகரத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 45 டிகிரி செல்சியஸ், 2003ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசியில், கத்திரி விடைபெற்ற பிறகுதான் பதிவானது. கடற்காற்று தாமதமாக நுழையும் நாட்களில் ஜூன் மாதத்திலும் அங்கே வெயில் சுட்டெரிக்கும். அதே ஜூனில் தென்காசியில் சாரல் விழும். குற்றாலத்தில் அருவி கொட்டத் தொடங்கியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றால் பொள்ளாச்சியும் கோவையும் குளிர்ந்துவிடும். ஆகவே தென்காசிக்காரர் ஜூனிலேயே விதை ஊன்றலாம். சென்னைக்காரர் ஆடி வரை பொறுப்பது நல்லது. காத்திருக்கும் அந்த நாலைந்து வாரங்களில் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், கோடை ஒரு காய்கறிச் செடியை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தக்காளிதான் முதலில் தோற்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் போனால் அதன் மகரந்தம் வலுவிழக்கும். பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காது, காம்போடு உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் வைப்பவர்கள் உண்டு. அதனால் இலை தழைக்கும், பூ நிற்காது. தப்பித்து ஒன்றிரண்டு காய்த்தாலும் 30, 32 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோபீன் சரியாக உருவாவதில்லை. கோடைத் தக்காளி மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாகப் பழுப்பது இதனால்தான். மிளகாயும் பூவை உதிர்க்கும்.

கொடிகளின் கதை வேறு. பீர்க்கு, புடல், பாகல், பூசணி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் ஆண் பூக்கள் பெருகும், பெண் பூக்கள் குறையும். 'கொடி நிறைய பூக்குது, ஒண்ணுகூடக் காய்க்கலையே' என்று சித்திரை, வைகாசியில் தோட்டக்காரர்கள் புலம்புவதில் பாதி இதுதான். கொடியைப் பிடுங்காமல் விட்டுவைத்தால் வெயில் தணிந்ததும் அதே கொடியில் பெண் பூக்கள் தலைகாட்டும்.

மாடியில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அதைத் திருப்பி விடுகிறது. வயலில் இருக்கும் செடிக்கு இரவிலாவது கிடைக்கும் குளிர்ச்சி மாடிச் செடிக்குக் கிடைப்பதில்லை. பையின் பக்கங்கள் சூடேறி, ஓரத்தில் ஓடும் மெல்லிய வேர்கள் கருகுகின்றன. வறண்ட காற்றில் செம்பேன் பெருகி இலையின் அடியில் வலை பின்னும். கணுவுக்குக் கணு மாவுப்பூச்சி அப்பிக்கொள்ளும். பச்சை நிழல்வலை, தென்னை நார்த் தூளும் காய்ந்த சருகும் கொண்டு போடும் மூடாக்கு, காலையும் மாலையும் தண்ணீர் என்று என்னதான் பார்த்தாலும் ஏப்ரலில் வைத்த பத்துச் செடியில் ஆறேழு போய்விடுவது சாதாரணம்.

வெப்பத்துக்கு அஞ்சாத பயிர்களும் உண்டு. வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை எல்லாம் கோடையில் நின்று ஆடும். கத்தரி சோர்ந்தாலும் சாகாது. முருங்கையைச் சொல்லவே வேண்டாம். கோடைத் தோட்டம் என்று நம் ஊர்களில் பெண்கள் கிணற்றடியிலும் கொல்லைப்புறத்திலும் பரம்பரையாக வைத்து வந்தவற்றைக் கணக்கெடுத்தால் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் வரும். சந்தையில் பார்க்கிற முள்ளங்கியும் பீட்ரூட்டும் காலிஃபிளவரும் அந்தக் கொல்லைகளில் கோடைக்கு இருந்ததில்லை. மாடித் தோட்டம் பிடித்துப்போய்ப் புதிதாக வருகிறவர்கள் மே மாதத்தில் மனம் உடைந்து விலகுவதற்கு ஒரு காரணம், காலத்தைப் பார்க்காமல் ஆசையைப் பார்த்து விதை வாங்குவது.

கோடையில் தக்காளி தோற்பது வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. கோடை வெப்பம், அதன்பின் பருவம் தப்பிய மழை, நோய் என்று பல காரணங்கள் அதில் கலந்திருந்தன. மாடியில் நாலு செடி வைப்பதால் அந்த விலை இறங்கிவிடாது. ஆனால் வெப்பத்தில் பூவைப் பிடித்து நிறுத்துகிற தக்காளி வேண்டும் என்ற தேவை, பெரிய விவசாயிக்கும் மாடித் தோட்டக்காரருக்கும் ஒன்றுதான். அந்தத் தேவைக்குப் பதில் ஆய்வகத்திலிருந்து மட்டும் வந்தால் போதாது.

ஒரே பொட்டலத்து விதை, ஒரே மண், ஒரே தண்ணீர் இருந்தும் பத்தில் மூன்று செடி கோடையைத் தாண்டுகிறது என்றால் அந்த மூன்றிடம் ஏதோ இருக்கிறது. வேர் ஆழமாக ஓடியிருக்கலாம், இலை தடித்திருக்கலாம், பூ கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்திருக்கலாம். அந்தக் குணங்களில் ஒரு பங்கு விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். உழவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்தது இதைத்தான். நல்ல கதிரை, நல்ல காயைப் பார்த்து விதைக்கு ஒதுக்கினார்கள்.

இதில் ஏமாறவும் இடம் உண்டு. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்ற செடி பிழைத்தது என்றால் அந்தப் பெருமை நிழலுக்குத்தான் போக வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டி, அனலில் நின்று, ஒருநாள் தண்ணீர் தவறியும் மறுநாள் நிமிர்ந்த செடிதான் விதைக்கு ஏற்றது. மாடித் தோட்டக்காரருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு செடியையும் தினமும் பார்க்கிறார். ஏக்கர் கணக்கில் பயிர் வைத்தவருக்கு இந்தத் தனிக் கவனம் வாய்க்காது. எந்தச் செடியில் வெள்ளை ஈ ஏறியது, எது முதலில் பூத்தது, எது மே மாதத்திலும் காய்த்தது என்று ஒரு பழைய டைரியில் குறித்து வைத்தாலே போதும். விதைத் தேர்வின் முதல் படி முடிந்துவிட்டது.

விதை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது ரகமா, வீரிய ஒட்டா? இரண்டு வெவ்வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கும் வீரிய ஒட்டு விதை, முதல் தலைமுறையில் ஒரே சீராக, அமோகமாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து சிதறும். ஒரு செடி நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் காயே சரியில்லை என்று ஆகிவிடும். இப்படிக் குணங்கள் பிரிவதன் கணக்கை முதலில் கண்டு சொன்னவரும் ஒரு தோட்டக்காரர்தான். இன்றைய செக் குடியரசிலுள்ள புர்னோ நகரத்து மடாலயத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்த கிரெகோர் மெண்டல், 1866இல் அதை அச்சில் வெளியிட்டார்.

ஆகவே விதை எடுக்க விரும்புகிறவர் தொடக்கத்திலேயே நாட்டு ரகத்தையோ, ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட ரகங்களையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 தக்காளி அப்படி ஒன்று. தேனியை ஒட்டிய அன்னஞ்சி வட்டாரத்து நாட்டுத் தக்காளியிலிருந்து உருவாக்கப்பட்டது அது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அனாமிகா வெண்டையும் ரகம்தான். வெளிவந்த காலத்தில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை அது நன்றாகத் தாங்கியது. பிற்பாடு பல இடங்களில் அந்தத் தாங்குதிறன் தளர்ந்தது. நோயும் பூச்சியும் வெயிலும் மாறிக்கொண்டே இருக்கும்போது விதை மட்டும் ஒரே இடத்தில் நின்றால் இப்படித்தான் ஆகும். ஆண்டுதோறும் நிலத்தைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, மீண்டும் மீண்டும் எடுத்து விதைக்கப்படும் விதைதான் காலத்தோடு சேர்ந்து நடக்கும்.

கிராமத்தில் 'விதைக்கு விடுவது' என்பார்கள். கொடியில் நல்ல வாட்டமாகத் தொங்கும் ஒரு சுரைக்காயில் கிழிந்த சேலைத் துணியைக் கட்டிவிடுவார்கள். அதைப் பிள்ளைகள் பறிக்கக் கூடாது, விருந்தாளி வந்தாலும் அறுக்கக் கூடாது. காய் முற்றி, தோல் தடித்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்வரை அது அங்கேயே கிடக்கும். கொடியின் முதல் காயையும் கடைசிக் காயையும் விட்டுவிட்டு நடுவில் காய்த்ததைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். விதையை எடுத்த பிறகு அந்தச் சுரைக்குடுக்கையே விதை வைக்கும் பாத்திரம் ஆகிவிடும்.

இதைக் கோடை முடிவில் செய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. காயை முற்ற விட்டால் செடி புதிதாகக் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது அப்படிச் செய்ய யாருக்கும் மனம் வராது. சமையலுக்குக் காய் வேண்டும். வைகாசிக் கடைசியில் செடி ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. புதிய விதை ஊன்ற ஆடி வரை காலம் இருக்கிறது. அந்தப் பை சும்மா கிடக்கப்போகிறது. வெண்டைப் பூ மலர்ந்து காய் முற்றிக் காய ஏறக்குறைய ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். வைகாசி முடிவில் பிடித்த பிஞ்சு ஆடிப் பிறப்பை ஒட்டி விதையாகிவிடும். கடுங்கோடையில் பிடித்த காயின் விதை பல நேரம் சுருங்கி, எடை குறைந்து இருக்கும். வெயில் சற்றுத் தணிந்தபின் பிடித்த காயில் விதை திரட்சியாக வரும். கோடையைத் தாண்டிய செடியில், கோடை தணிந்தபின் வந்த காய் என்பதுதான் கணக்கு. 'இருக்கிற பத்துப் பையில் விதைக்கு எங்கே இடம்' என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

வெண்டையைச் செடியிலேயே காயவிட வேண்டும். காய் பழுப்பேறி, வரப்போடு வெடிக்கத் தொடங்கும்போது பறித்தால் போதும். அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய பயிர் என்றாலும் தேனீ வந்து கலப்பும் நடக்கும். சிவப்பு வெண்டையும் பச்சை வெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், விதைக்கு வேண்டிய மொட்டை முதல்நாள் மாலையே ஒரு நூலால் மெல்லக் கட்டிவிட வேண்டும். பூ உள்ளுக்குள்ளேயே சூல் கொள்ளும். கொத்தவரையும் காராமணியும் இந்தத் தொந்தரவு தராதவை. நெற்று காய்ந்ததும் உடைத்து எடுத்துக்கொள்ளலாம். தண்டுக்கீரையை ஒரு செடி மட்டும் வளரவிட்டால் கதிர் நிறைய விதை கொட்டும். வெவ்வேறு கீரை வகைகள் அருகருகே நின்றால் காற்றில் மகரந்தம் பறந்து கலந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

கத்தரியில்தான் பொறுமை தேவை. ஊதாவோ பச்சையோ எந்த நிறமாக இருந்தாலும், தோல் மஞ்சள் பாய்ந்து காய் பழமாகும்வரை விட வேண்டும். பிறகு அறுத்து, தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குழம்பில் அதன் ருசிக்கு ஈடு சொல்வது கடினம். அந்தக் கத்தரி இத்தனை காலம் நீடித்திருப்பதற்குக் காரணம், அந்த ஊர் உழவர்கள் வீட்டில் விதைக்கு விட்ட காய்கள். குறியீடு அதற்குப் பிறகு வந்த அங்கீகாரம்.

தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு சவ்வு இருக்கும். முளைப்பைத் தடுப்பது அதுதான். பழத்தைப் பிழிந்து, சாறோடு ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் புளித்துச் சவ்வு கழன்றுவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு நாளே போதும். அதற்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைக்கத் தொடங்கும். நோய் கண்ட தக்காளிச் செடியில் எத்தனை நல்ல பழம் இருந்தாலும் விதை எடுக்கக் கூடாது. சில வைரஸ்கள் விதை வழியாகவும் தொடரும்.

பாகல் பழுத்து வெடிக்கும்போது சிவந்த சதைக்குள் விதை தெரியும். அணிலுக்கு முன் நாம் எடுக்க வேண்டும். புடல் ஆரஞ்சு நிறமாகிக் குழையும். பீர்க்கு கொடியிலேயே காய்ந்து நாராகி, நுனி மூடி திறந்தால் விதை தானாகக் கொட்டும். மூன்றாவது, நான்காவது மாடிகளுக்குத் தேனீக்கள் குறைவாகவே வருவதால் கொடிகளுக்குக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கும். பூசணியும் பாகலும் காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது மலரும். நேரம் தெரியாமல் காலையில் சுரைப் பூவைத் தொட்டு ஒரு பயனும் இல்லை.

அவரை மட்டும் இந்தக் கணக்கில் வராது. நாட்டு அவரைக்குப் பகல் சுருங்க வேண்டும்; அப்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கொடி படர்ந்து, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆகவே அவரை விதை மாசியிலேயே எடுத்து வைத்ததாக இருக்க வேண்டும். கோடை முழுக்க அதை வண்டிலிருந்து காப்பதுதான் வேலை.

விதையைக் காப்பது பற்றி அறிவியல் ஒரு எளிய விதி சொல்கிறது. விதையின் ஈரப்பதம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும், வைக்கும் இடத்தின் வெப்பம் ஒவ்வொரு 5 டிகிரி குறையும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஹாரிங்டன் விதி என்று விதை நூல்களில் இது வழங்குகிறது. அந்தப் பெயர் தெரியாத நம் பாட்டிமார் விதையைச் சாம்பலில் புரட்டி ஈரத்தை இழுக்க வைத்தார்கள். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் வரட்டியாகத் தட்டினார்கள். துவரைக்குச் செம்மண் பூசினார்கள். வேப்பிலையும் வசம்பும் வண்டை விரட்டின. இன்றைய வீட்டுக்கு இன்னும் சுலபம். முதலில் நிழலிலும் பிறகு இளவெயிலிலும் உலர்த்தி, காகித உறையில் போட்டு, இறுக்கமான கண்ணாடிக் குப்பிக்குள் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் காய்கறிக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். உச்சி வெயிலில் கான்கிரீட் தரையில் பரப்புவது விதையைச் சுட்டுக் கொல்வதற்குச் சமம். உறையின் மேல் பயிரின் பெயர், எடுத்த மாதம், எந்தச் செடி என்பதை எழுதாமல் விட்டால் அடுத்த ஆண்டு அது வெறும் மர்மப் பொட்டலம்.

எடுத்த விதை உயிரோடு இருக்கிறதா என்று அறியவும் வழி உண்டு. ஆடியிலும் ஆவணியிலும் அம்மன் கோயில்களுக்குப் பெண்கள் தூக்கி வரும் முளைப்பாரியை, விதையின் முளைப்பைச் சோதித்துப் பார்த்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்று சொல்வோர் உண்டு. அதன் மூலம் எதுவானாலும், விதைப்புக்கு முன் ஒரு கைப்பிடியை ஈரத்தில் போட்டுப் பார்ப்பது பயன் தரும். ஈரத் துணியில் பத்து விதையைச் சுருட்டி வைத்து எட்டு முளைத்தால் தைரியமாக ஊன்றலாம்.

நாட்டு நெல்லுக்கு இந்த அக்கறை கிடைத்திருக்கிறது. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரின் அழைப்பும், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களும் மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் நகரத்துக் கடைகள் வரை கொண்டுவந்தன. 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டிருந்தார். காய்கறி விதைகளைக் காப்பவர்களும் தமிழகமெங்கும் இருக்கிறார்கள். விதைத் திருவிழாக்களில் சிறகு அவரை, மூக்குத்தி அவரை, யானைத் தந்த வெண்டை, மிதி பாகல் என்று சிறு பொட்டலங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் நெல் வயல் வேண்டும் பயிர். காய்கறிக்கு ஒரு பை போதும். நகரத்தில் வாழ்கிறவர் நேரடியாகக் காப்பாற்றக்கூடிய பாரம்பரியம் காய்கறிதான் என்பது இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

உலகத்தின் விதைகளைக் காக்க நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஒரு பெட்டகம் இயங்குகிறது. மைனஸ் 18 டிகிரியில் விதைகள் அங்கே உறங்குகின்றன. பேரழிவு வந்தால் கை கொடுக்கும் ஏற்பாடு அது, அவசியமானதும்கூட. ஆனால் பனிக்குள் இருக்கும் விதை எந்தக் கோடையையும் பார்ப்பதில்லை. 2024 ஏப்ரலில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றது. அந்த அனலில் நின்று காய்த்த வெண்டையின் விதையை எந்தப் பெட்டகமும் தராது. அது ஈரோட்டு மாடியிலும் கரூர்த் தோட்டத்திலும்தான் கிடைக்கும், யாராவது எடுத்து வைத்திருந்தால்.

பத்துப் பையில் செய்வது பயிர்ப் பெருக்கம் ஆகாது என்று வல்லுநர்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது. ஒரே ஒரு செடியிலிருந்து தலைமுறை தலைமுறையாக விதை எடுத்தால், குறிப்பாக அயல் மகரந்தப் பயிர்களில், வீரியம் குன்றும். ஒரு கோடையில் பிழைத்த செடியின் பிள்ளைகள் எல்லாம் அடுத்த கோடையில் பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால்தான் விதை ஒரு வீட்டோடு நிற்கக் கூடாது. ஒரே தெருவில் ஐந்து வீடுகள் ஆளுக்கு இரண்டு செடியில் எடுத்த விதையைக் கலந்து பிரித்துக்கொண்டால் பத்துச் செடியின் வளம் எல்லோருக்கும் வந்துவிடும். பழைய கிராமங்களில் நடந்தது அதுதான். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கும் விதை போயிற்று, அங்கிருந்தும் வந்தது. சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரையிட்ட வணிக விதையாக விற்பதை மட்டுமே அது விலக்குகிறது.

தோட்டக்கலைத் துறை பத்தாண்டுக்கும் மேலாக மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுத்து வருகிறது. பை, தென்னை நார்க் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா, வேப்ப எண்ணெய் என்று தொடங்குபவருக்கு வேண்டியவை அதில் இருக்கின்றன. அந்தத் திட்டத்தால் ஆயிரக்கணக்கான மாடிகள் பசுமையாகியிருக்கின்றன. அதைப் பாராட்டத்தான் வேண்டும். இனி அடுத்த படிக்குப் போகலாம். தளையில் வரும் விதைகளில் பாதியாவது அந்தந்த மாவட்டத்து நாட்டு ரகங்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் இது ரகமா, வீரிய ஒட்டா என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும். தனியார் விதைக்கும் இதே கட்டாயம் வர வேண்டும். கையேட்டில் விதைப்பதையும் உரமிடுவதையும் சொல்வதோடு, விதை எடுப்பதற்கும் நாலு பக்கம் ஒதுக்க வேண்டும்.

இதைவிட எளிதான காரியம் ஒன்று உழவர் சந்தைகளில் நடக்கலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று பல மாவட்டங்களுக்கும் பரவிவிட்டன. காய் விளைவிப்பவரும் காய் வாங்குபவரும் நேருக்கு நேர் பார்க்கும் இடம் அது. ஆடி மாதத்து ஞாயிறுகளில் அங்கே விதைப் பரிமாற்றம் நடத்தினால் உழவரின் விதை மாடிக்கும், மாடியில் வெயிலைத் தாண்டிய விதை உழவருக்கும் போய்ச் சேரும். ஒரு மேசையும் ஒரு பதிவேடும் இருந்தால் ஆயிற்று. யார் கொண்டுவந்தது, எந்த ஊர், எத்தனை கோடை கண்ட விதை என்று எழுதிக்கொண்டு ஒரு பிடி கொடுத்து ஒரு பிடி வாங்கிப் போகலாம். தோட்டக்கலை அலுவலர் ஒருவர் உடன் இருந்தால் நோய் கண்ட விதையை விலக்கவும் சந்தேகம் தீர்க்கவும் உதவியாக இருக்கும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. காலை வியாபாரம் முடிந்த பிறகு அந்தக் கடைகள் பிற்பகலில் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கின்றன.